மூன்றாம் அத்தியாயத்துக் கங்காரு

இன்றைக்கு நான் கங்காரு.

நேற்று பெங்குயின். அதற்கு முன்னால் ஆமை, ஒட்டகம். பல பேர் சேர்ந்து எழுதுகிற ஆன்லைன் பக்கத்துக்குள் பெயர் கொடுக்காமல் லிங்க் வழியாக நுழைகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரே ஏதாவது ஒரு மிருகத்தின் பெயரை வைத்துவிடுகிறது. 'அடையாளம் தெரியாத கங்காரு.' எனக்கு அதுவே போதும்.

சொந்தப் பெயரில் நுழைய ஓடிபி வேண்டும். அது பழைய நம்பருக்குப் போகும். பழைய நம்பர் ஒலக்கூரில் அப்பாவிடம் இருக்கிறது. தை மாதம் வானூருக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது போனை மட்டும் ஞாபகமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

பரீட்சை எழுத விடுவார்கள் என்றுதான் பேச்சு. இங்கே வந்ததும் பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மத்தியானம் அத்தை ஹாலில் சீரியல் போட்டதும், கொழுந்தனாரின் பழைய அரசாங்க லேப்டாப்பை சமையல் மேடையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்துத் திறப்பேன்.

திண்டிவனத்தில் பி.ஏ. இங்கிலீஷ், கடைசி வருஷம். நாலு பேருக்கு ஒரு பிராஜெக்ட். ஆங்கில நாவல்களில் ஜன்னலோரம் நிற்கும் பெண்கள். ஆளுக்கொரு அத்தியாயம், மூன்றாவது என்னுடையது. லிங்க்கை எங்கள் நாலு பேரின் முதலெழுத்தை வைத்துச் சுருக்கியிருந்தோம். அது எப்படி மறக்கும்?

குழம்பு கொதிக்கக் கொதிக்க எழுதினேன். நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பு, குனிந்தால் வெள்ளைப் பக்கம். அதில் அவரவர் நிற்கிற இடத்தைக் காட்டும் சின்னக் கோட்டின் தலையில் ஆர்த்தியின் பெயர் பச்சையாகவும் சங்கவியின் பெயர் ரோஸாகவும் மிதந்துகொண்டிருக்கும். யாரும் பேச மாட்டார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வெயிலுக்குச் சொக்குகிற மாதிரியே இருக்கும் எனக்கு.

சங்கவியின் ரோஸ் கோடு தினமும் என் அத்தியாயத்துக்கு வந்து சும்மா நிற்கும். ஒரு எழுத்து அடிக்காது. திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிறாள், சோம்பேறிக் கழுதை, என்று திட்டுவேன். மூணு வருஷம் பஸ்ஸில் என் தோளில் தூங்கியே காலேஜுக்கு வந்தவள்தானே.

இன்றைக்கு நாலு மணிக்குப் பிரிண்ட்.

முதல் பக்கத்தில் நாலு பெயர், பக்கத்தில் ரிஜிஸ்டர் நம்பர். ஓரத்தில் கைடு மேடம் கமெண்ட் போட்டிருந்தார். இளவரசிக்கு அட்டென்டன்ஸ் இல்லை, பெயரை எடுத்துவிட்டுப் பிரிண்ட் போடவும்.

இளவரசி நான்தான்.

ரோஸ் கோடு என் பெயருக்குப் பின்னால் போய் நின்றது.

வேண்டாம்டி என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் பெயர் அங்கே இருக்கிறவரைக்கும் நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிற பெண்.

ஒவ்வோர் எழுத்தாக அழிந்தது. கடைசி எழுத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது.

குழம்பு பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தேன்.

கோடு நன்றியுரைக்கு இறங்கியது. கடவுள், பெற்றோர், முதல்வர், கைடு என்று எல்லாப் பிராஜெக்டிலும் இருக்கிற அதே வரிசை. அதற்குக் கீழே சங்கவி இங்கிலீஷில் அடிக்க ஆரம்பித்தாள்.

மத்தியானங்களில் வந்து மூன்றாம் அத்தியாயத்தை எழுதிய ஒட்டகத்துக்கும், ஆமைக்கும், பெங்குயினுக்கும் எங்கள் நன்றி.

கோடு கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் துடித்தது. அப்புறம் இன்னொரு வரி சேர்த்தாள்.

இதோ, இப்போது எங்களோடு இருக்கும் கங்காருவுக்கும்.

அவள் ஒரு நாளும் தூங்கவே இல்லை, கழுதை.

நான் சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியவில்லை. சத்தம் ஹால் வரைக்கும் போய்விட்டது. சீரியல் சத்தம் நின்றது.

"யாரு கூடம்மா பேசிக்கினு இருக்க?" என்று அத்தை கேட்டார்.

வழக்கமாக, யாருமில்லீங்க என்பேன். லேப்டாப்பை மூடப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

"எங் கிளாஸ் பொண்ணுங்க கூடங்க, அத்தை. காலேஜ்ல இருக்கேன்."