ஆண்டின் சிறந்த வீராங்கனை

மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு பள்ளி மண்டபம். நவம்பர் மாத மாலை வெயில் உயரத்துச் சன்னல்கள் வழியாகச் சரிந்து விழுகிறது. கோழி இறைச்சித் தொழிற்சாலையில் விடியலில் தொடங்கிய வேலையை முடித்துவிட்டு நேரே வந்திருக்கும் தியாகலிங்கம், கண்களைத் திறந்து வைத்திருக்கப் பாடுபடுகிறார். பக்கத்தில் மகள் ராகவி, பள்ளியின் சாஃப்ட்பால் அணியில் பந்து பிடிப்பவள். பருவம் முழுக்கக் கையுறைக்குள் வந்து மோதிய பந்துகளால் அவளுடைய இடது உள்ளங்கை கன்றிப்போய், மடியில் மல்லாந்து கிடக்கிறது. மேடையில் பயிற்சியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த ஆண்டின் சிறந்த வீராங்கனை மெலே என்கிறார். மெலே அதே அணியில் பந்து எறிகிற பெண், பிட்ச்சர். மண்டபமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது. ராகவி எல்லோருக்கும் முன்னே எழுந்து, அந்தக் கன்றிய கையில் ஓங்கி ஓங்கித் தட்டுகிறாள். தியாகலிங்கம் எழவில்லை.

“அவள் எறிஞ்சது எல்லாத்தையும் பிடிச்சது நீதானே, பிள்ளை?” குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான்.

“ஷீ இஸ் மை பிட்ச்சர், அப்பா,” என்கிறாள் ராகவி, மேடையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

“கை நோகப்போகுது. காணும், நிப்பாட்டு.”

“ஐ நோ.”

அவள் நிறுத்தவில்லை. கண் கலங்கியிருக்கிறது, வலியாலா, வேறெதனாலா என்று அவருக்குத் தெரியவில்லை. முழங்காலில் கையூன்றி எழுகிறார். தொழிற்சாலைக் குளிரறையில் விறைத்துப்போன விரல்களை விரித்துத் தட்டத் தொடங்குகிறார். அதற்குள் மண்டபம் அடங்கி, எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசைத் தலைகள் திரும்புகின்றன. அவர் தட்டிக்கொண்டே நிற்கிறார், மகளைப் பார்த்தபடி.