ஆறாம் இடத்து ஹாரன்

பீடோர் ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருடம், விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நின்று, வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் பேர் கூப்பிட்டதும் கை தூக்கியவர் அர்ச்சுனன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் லுமுட் கடலோரத்தில் சொந்தமாகத் தென்னந்தோப்பு வாங்கிவிட்டார். படுக்கையும் அடுப்பும் வைத்த வேன்களில் ஊர் சுற்றும் வெள்ளைக்காரர்கள் அங்கேதான் தங்குவார்கள். காலையில் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேன்கள் நிற்கும் இடங்களின் எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட, அவர்கள் சிரித்தபடி ஹாரன் அடிப்பார்கள்.

கடலை ஒட்டிய ஆறாம் இடத்தை அலை அரித்துவிட்டதால் அங்கே அவர் வண்டி விடுவதில்லை. ஆனாலும் “ஆறு” என்றால் ஹாரன் கேட்கும். மனைவி இருளாயி அங்கேயும் ஒரு குவளை கோப்பி வைப்பாள். பிறகு போய்ப் பார்த்தால் குவளை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும்.

தீபாவளிக்கு முதல் நாளே வேன்கள் எல்லாம் கிளம்பிவிட்டன.

“ஆளே இல்லாம யாருக்குங்க பெரட்டு? எண்ண தேச்சுக் குளிக்க வாங்க” என்றாள் இருளாயி.

அர்ச்சுனன் கேட்கவில்லை. ஒன்றிலிருந்து கூப்பிட்டார். ஐந்துவரை அலைச் சத்தம்தான். ஆறு என்றதும் ஹாரன் ஒலித்தது.

“பாத்தியா, பெருநாள்லயும் நம்ம எடம் காலியா இல்லலா.”

அவர் திரும்பி நடந்தபோது, கூப்பிடாமலேயே இன்னொரு ஹாரன் கேட்டது. பிறகு இன்னொன்று. கரையிலிருந்து கடலுக்குள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன.

அர்ச்சுனன் மீசையைத் தடவிக்கொண்டார்.

“இருளாயி, பெரிய பானையில கோப்பி போடு.”