நீல நாய்

“எடுத்துக்கோங்க சார். இன்னிக்கு மட்டும் என்ன புதுசா, வாசல்லயே நின்னுட்டு?”

ஓவிய டீச்சர் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு சார் உள்ளே வரவில்லை.

வருடம் முழுக்க அவருக்கு இதே வழக்கம். ஏழாம் வகுப்பின் ஓவிய பீரியட் வந்தால் போதும், சாக்பீஸும் கையுமாக வந்து நிற்பார்.

“ஒரே ஒரு பீரியட் குடுங்க டீச்சர். அடுத்த வாரம் திருப்பித் தந்துடறேன். உங்களுக்கென்ன, ரெண்டு மலை, நடுவுல ஒரு சூரியன். எப்ப வேணா வரைஞ்சுக்கலாம்.”

ஆசிரியர் அறையே சிரிக்கும். அவளும் சிரித்து வைப்பாள்.

ஒரு வாரமும் அவர் திருப்பித் தந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

கடைசியில், நடக்காத வகுப்புக்கு டீச்சர் எதற்கு என்று நிர்வாகம் கேட்டுவிட்டது. நியாயமான கேள்விதான். இன்றோடு அவளுக்கு இங்கே வேலை இல்லை. திங்கள் முதல் இந்த அறை தேர்வுப் பயிற்சிக்கு. பெஞ்சுகளில் எண்கள்கூட ஒட்டியாகிவிட்டது.

தூரிகைகளைக் காலையிலேயே மூட்டை கட்டிவிட்டாள். மிச்சமிருந்த சாயத்தையெல்லாம் தொட்டியில் கொட்டிக் கழுவினாள். சாக்கடை கொஞ்ச நேரம் அழகாக ஓடியது.

இப்போது கையில் வந்தது ஒரு நீல நாய். போன வருடம், ஓவிய வகுப்பு என்று ஒன்று நடந்தபோது, ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வரைந்தது. நாய் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டதற்கு, அதற்குக் குளிருகிறது மிஸ் என்றாள்.

கிழிக்க மனம் வரவில்லை. மடித்துப் பையில் வைத்தாள்.

சார் இன்னும் போகவில்லை. கையில் சாக்பீஸ் இல்லை. ஒரு வெள்ளைத் தாள் இருந்தது.

“எங்க பாப்பா பேசறதில்ல டீச்சர். போன பரீட்சை முடிஞ்சதுலேர்ந்து ஒரு வார்த்தை இல்ல. பேப்பரைக் குடுங்க, இஷ்டத்துக்கு ஏதாவது வரையட்டும்னு டாக்டர் சொன்னார்.”

தாளை நீட்டினார்.

இடப்பக்கம் அளவுகோல் வைத்து இழுத்த ஓரக்கோடு. அதையொட்டி ‘1’ என்று ஓர் எண். அடியில் ‘விடை’. அதற்குக் கீழே இரண்டு கோடு.

நடுவில் ஒன்றுமில்லை.

“நான் கேள்வி சொல்லுவேன்னு என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கா.”

அவருக்குப் பின்னால், வராந்தா தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள், நீல நாயை வரைந்தவள். வெறும் சுவரையும் பசை காய்ந்த தடங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது.

“ஒரே ஒரு பீரியட் குடுங்க டீச்சர்,” என்றார் கணக்கு சார்.