விசர் இல்லாத குடும்பம்

"டொக்டர் உமக்கு விசர், பைத்தியம் எண்டு எழுதிப்போட்டாரெண்டால் நாளைக்கு எங்கட பெட்டையளை ஆர் கட்டுவினம்?" என்று கேட்டார் தேவராஜா. மூத்த பெட்டைக்கு வயது ஆறு.

மெல்பனில் ஒரு மனநல டொக்டரின் அறை வாசலில் அவரும் மனைவி பவளமும் காத்திருந்தார்கள். ஆண்டு எழுபத்து நான்கு. அவள் வயிற்றில் நாலாவது.

விக்டோரியாச் சட்டம் அந்த நாளில் ஒரு தினுசு. கருவைக் கலைப்பது குற்றம். ஆனால் தாயின் உயிருக்கோ மனநலத்துக்கோ பெரிய ஆபத்து என்று டொக்டர் நம்பினால் குற்றமில்லை. நன்றாக யோசித்து, "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்கிற பெண்ணுக்கு அங்கே வழியில்லை. புத்தி பேதலிக்கப் போகிறது என்று அவள் காட்ட வேண்டும். அப்படிச் சட்டம் வைத்த மகராசர்கள் ஒருவரும் பிள்ளை பெற்றவர்கள் அல்ல.

மூன்றாவது பிறந்தபோது, சத்தம் வெளியே கேட்காமல் குழாயைத் திறந்துவிட்டுக் குசினிக்குள் நின்று அழுதவள் பவளம். இன்னொன்று என்றால் தான் உடைந்தேபோவேன் என்று பயந்தாள். இந்த டொக்டர் கையெழுத்துப் போடாவிட்டால் அவளுக்கு வேறு கதியில்லை.

"அலுவல் முடியோணும். ஆனால் விசர் எண்ட கதை வரக்கூடாது. நான் கதைக்கிறன், நீர் பேசாம இரும்," என்றார் தேவராஜா.

உள்ளே போனதும் வெள்ளைக்கார டொக்டர் பவளத்தைப் பார்த்து, "இரவில் தூக்கம் வருகிறதா?" என்று கேட்டார்.

"குறட்டையே விடுவா," என்றார் தேவராஜா.

"அழுவதுண்டா, மிசிஸ் தேவராஜா?"

"அவ ஏன் அழோணும்? நான் என்ன குறை வைச்சனான்? எங்கட பரம்பரையில விசரே இல்லை, டொக்டர். அவவின்ர பக்கமும் நல்லா விசாரிச்சுத்தான் கட்டினது."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு எப்படி இருந்தார்?"

"சும்மா முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருந்தா. மாசக்கணக்கா வெறும் சோறும் பருப்பும்தான். நான் ஒரு வார்த்தை ஏசேல்லை. வேலையால வந்து, ஒரு பொம்பிளை எப்படி இருக்கோணும் எண்டு கொஞ்ச நேரம் விளங்கப்படுத்துவன். அவ்வளவுதான்."

"தினமுமா?"

"ஞாயிற்றுக்கிழமை எண்டால் ரெண்டு தரம்."

டொக்டர் பவளத்தை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். "மனநலத்துக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது. எனக்குச் சந்தேகமே இல்லை."

தேவராஜாவுக்கு வேர்த்துவிட்டது. "விசர் எண்டு எழுதேல்லைத்தானே?"

"இல்லை. ஆபத்து என்று மட்டும்தான்."

தேவராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து என்று மனுஷன் கேட்கவே இல்லை.

படியிறங்கும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "பாத்தீரே? நான் கதைச்சபடியால்தான் காரியம் ஒப்பேறினது."

"ஓம், நீங்கள்தான்," என்றாள் பவளம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

டொக்டருக்கு முன்னால் எப்படி அழுவது, எப்படி நடுங்குவது என்று அவள் போன கிழமை தாதி யோகராணியிடம் கேட்டிருந்தாள். யோகராணி சிரித்துக்கொண்டு சொன்னாள்: "நடிப்பு ஒண்டும் வேண்டாமடி. உன்ர மனுசனையும் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போ. மிச்சத்தை அவர் பாத்துக்கொள்ளுவார்."