மண்டோர் வேஷம்

ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம், அவசரகாலம். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்தில் முள்வேலி வெயிலில் மின்னுகிறது. ஆட்களிடம் பேசும் முறையைக் கற்றுத்தர வந்த வெள்ளைக்காரத் துரை, ஆளை மாற்றி நடிக்கச் சொல்கிறார். பால்மரம் வெட்டும் நீலாவதி ஆட்களை மேய்க்கும் மண்டோராகிறாள்; மண்டோர் அர்ச்சுனன் பால்வெட்டுக்காரி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கோப்பியில் சீனி கரைத்துக் கொண்டுபோகிறாள் என்று சந்தேகப்பட்டுத் தினமும் வேலி வாசலில் அவன் செய்வதையே அவளும் செய்கிறாள்: போத்தலைப் பிடுங்கி, வரக்கோப்பியை அவன் காலடியில் கொட்டுகிறாள். கூட்டம் சிரிக்கிறது.

“எப்படி இருந்தது?” என்று தோட்டத்து எழுத்தர் கிராணி வழியாகத் தமிழில் கேட்கிறார் துரை.

“சும்மா வெளையாட்டுதானே லா, தொரை,” என்று அர்ச்சுனன் இளிக்கிறான்.

“தெனமும் என் தொண்டைய காயப்போடுறியே மண்டோரே, அதுவும் வெளையாட்டா?” என்கிறாள் நீலாவதி.

துரை கிராணியைப் பார்க்கிறார்.

“தேங்க்யூ சொல்கிறாள்,” என்று இங்கிலீஷில் சொல்கிறார் கிராணி.

துரை கைதட்டுகிறார்.