இரண்டு பேனர்கள்

கல்லூரி வாசலில் இரண்டு பேனர்கள். ஒன்று போரை ஆதரித்து, இன்னொன்று எதிர்த்து. இரண்டிலும் இணையத்தில் சுட்ட ஒரே படம்: முகமெல்லாம் புழுதியும் ரத்தமுமாக, நண்பனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடும் சிப்பாய்.

"அவர் மாவீரர்!" என்று கத்தினாள் மாணவர் தலைவி.

"போருக்குப் பலியான அப்பாவி!" எதிரணிக்காரன் விடுவதாயில்லை.

எந்தப் பக்கமும் சேராத ஒருவன், வயது கூடிச் சேர்ந்ததால் வகுப்பே 'பெரியப்பா' என்றழைப்பவன், பேனர்களை அவிழ்க்கத் தொடங்கினான்.

தலைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பயந்தாங்கொள்ளி! அவர் கால் தூசுக்குச் சமமாவியா நீ? கையை எடு!"

"எடுக்க மாட்டேன். யாரைக் கேட்டு என் படத்தைப் போட்டீங்க?" பெரியப்பா அடுத்த முடிச்சை அவிழ்த்தான். "என் தோள்ல கிடக்கறானே, அவன் பேராவது உங்க ரெண்டு கோஷ்டியில யாருக்காவது தெரியுமா?"