சூடேறாத பேடு

ஜூன் 9 காலை பத்து மணிக்கு மருதவாணனின் ஸ்போர்ட்ஸ் காரில் நான்கு பந்தய பிரேக் பேடுகள் மாட்டப்பட்டன. கழற்றிய பழைய பேடுகள் டிக்கிக்குப் போயின. வண்டி நிற்குமா என்று, பேடுகள் கவ்விப் பிடிக்கும் பிரேக் டிஸ்க்குக்குக் கவலை.

"முந்நூறு கிலோமீட்டர் வேகத்தையே அடக்குற வம்சம்டா நாங்க," என்றது புதுப் பேடு.

"எப்ப பிடிப்பீங்க, அண்ணே?"

"நாலு ரவுண்டு ஓடிச் சூடேறட்டும், அப்புறம் பாரு."

"நாம தினமும் போற பள்ளிக்கூடம் தெருமுனையிலேயே இருக்கே. அதுக்குள்ள எங்க சூடேற?"

"பந்தயம் பார்க்காதவன் பேச்சு!" என்று சிரித்தது பேடு.

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. மருதவாணன் பிரேக்கை அழுத்தி மிதித்தார். டிஸ்க்கின் மேல் பேடு ஜில்லென்று வழுக்கியது. ஆட்டோவின் பின்பக்கம் நசுங்கியது.

"இன்னும் சூடாகலை," என்றது பேடு.

ஜூன் 14 அன்று பழைய பேடுகள் மீண்டும் மாட்டப்பட்டன. முன் பம்பர் மட்டும் புதிது.